அலமாரிக் கதவில் ஒரு வயிறு

மகளின் அலமாரிக் கதவைத் திறந்த இஸ்திரி அக்கா, கதவின் உட்பக்கத்தில் தன்னுடைய வயிறு ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

மடித்த துணிகளை உள்ளே வைக்கத்தான் திறந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரம் அது. அடுத்தடுத்து இரண்டு வயிறுகள். இடப்பக்க வயிறு, பிழிந்து உதறாமல் போட்ட துணி மாதிரி, சிவந்து, கோடு கோடாகச் சுருங்கிக் கிடந்தது. வலப்பக்க வயிறு வழவழவென்று மினுங்கியது. இடப்பக்கத்துக்கு மேலே 'முன்' என்றும் வலப்பக்கத்துக்கு மேலே 'பின்' என்றும் போட்டிருந்தது. நடுவில் ஊதா மூடி போட்ட க்ரீம் டப்பா. 'முன்' வயிற்றுக்குக் கீழே மகள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "இப்படி ஆகக் கூடாது."

படத்தில் முகம் கிடையாது. ஆனால் தொப்புளுக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. தன் வயிறு தனக்குத் தெரியாதா? துணியை உள்ளே திணித்துவிட்டுக் கதவை மூடினாள். மூடியபிறகும் கொஞ்ச நேரம் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

அவள் வேலை பார்ப்பது விளம்பரப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில். படத்துக்கு நிற்க வருகிறவர்களின் துணிகளுக்கு ஆவி காட்டி இஸ்திரி போடுவது அவள் வேலை. தொளதொளவென்ற சட்டையை முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுத்து, முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி காட்டிவிடுவாள். ஆக, கண்கட்டு வித்தை அவளுக்குப் புதிதல்ல. அதை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

போன வருடம் ஒருநாள், 'முன்' படத்துக்கு ஏற்பாடு செய்திருந்த பெண் வரவில்லை. க்ரீம் கம்பெனியிலிருந்து வந்த மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடை போட்டாள். படம் எடுக்கிற தம்பி இஸ்திரி அறைக்குள் வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வயிறு மட்டும் போதும். மூஞ்சி வராது."

"என் வயித்தப் பாத்தா எவப்பா க்ரீம் வாங்குவா?"

"அதுக்குத்தான்க்கா."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். முகம்தான் வராதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளும் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

முதலில் 'பின்' படத்தை எடுத்தார்கள். பவுடர் தடவி, நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வெள்ளைத் துணி வழியாக நேர் எதிரிலிருந்து விளக்கைப் போட்டார்கள். அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"ஏன் தம்பி, கடைசில வர்றத முதல்ல எடுக்கறீங்க?"

"ஒருதடவ சிவக்க வச்சுட்டா அப்புறம் லேசுல அடங்காதுக்கா. எல்லா ஸ்டூடியோவுலயும் இப்படித்தான்."

அடுத்தது 'முன்'. மேக்கப் போடும் பெண் முரட்டுத் துண்டை எடுத்து வயிற்றைத் தேய்தேய் என்று தேய்த்தாள். கோடு இருந்த இடங்களில் மெல்லிய தூரிகையால் பழுப்பு மை பூசினாள். தோளைத் தொங்கப்போட்டு மூச்சை விடச் சொன்னார்கள். விளக்கைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் இல்லாத மேடுபள்ளமும் தெரியும். இரண்டு படத்துக்கும் நடுவில் அவளுக்குக் கொடுத்த டீகூட ஆறவில்லை. மேஜைமேல் இருந்த டப்பாவுக்குள் க்ரீமே இல்லை. சவரம் செய்கிற நுரையை நிரப்பி வைத்திருந்தார்கள். அசல் க்ரீம் விளக்குச் சூட்டில் உருகி ஓடிவிடுமாம். கிளம்பும்போது மேடம் பெரிய மனது பண்ணி ஒரு டப்பாவை இனாமாகக் கொடுத்தாள்.

இவ்வளவும் தெரிந்தவள் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அந்த 'பின்' வயிற்றைப் பார்த்துவிட்டாள் அல்லவா? அது வேறு யாருடைய வயிறோ என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். அது அவளுடையது. தன் உடம்பில் அப்படி ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது, எடுத்து வெளியே கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி என்று மனசு நம்ப ஆரம்பித்தது. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தடவினாள். டப்பா தீர்ந்தது. கோடு போகவில்லை. யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய் இன்னும் இரண்டு டப்பா வாங்கி, தன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். இந்தக் கூத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளே தன்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் தடவுவதை நிறுத்த ரொம்ப நாளானது.

அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். விளம்பரம் வெளிவந்த புதிதில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னைக்கு சிக்னல்ல ஒரு பஸ்ஸு பின்னாடி மாட்டிக்கிட்டேன். பஸ் முதுகு பூரா ஒரு வயிறு. பாவம், எந்த வீட்டுப் பொம்பளையோ" என்றார்.

"ஏன், அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"

"மோசம்னு இல்ல. வயிறுன்னா வயிறுதான். சோத்த முன்னால வச்சுக்கிட்டுப் பேச வேணாம்னு பாக்கறேன்."

இத்தனை வருடம் கூடக் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அடையாளம் தெரியவில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அவள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

கணவரை ஏமாற்றியதில் அவளுக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை. மகள் விஷயம் அப்படியில்லை.

மகளுக்கு வீட்டில் ஏணி என்று பெயர். ஒரே வருடத்தில் சரசரவென்று வளர்ந்து கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டவள். அந்த உயரத்துக்காகவே கல்லூரி வாலிபால் டீமில் கூப்பிட்டு எடுத்தார்கள். வலைக்கு மேலே அவள் கை எழும்பினால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் ஒரு நொடி திகைத்துப் போவார்கள். வீட்டில் வாய் திறக்காத பெண், மைதானத்தில் கத்துகிற கத்தல் தெருவுக்குக் கேட்கும். அவளுக்கு அது விளையாட்டு மட்டுமில்லை. தன் உயரத்தை நினைத்துக் கூனாமல் அவள் நிமிர்ந்து நின்ற ஒரே இடம்.

அலமாரியில் படத்தைப் பார்த்த அதே நாள் மத்தியானம் டீமின் கோச்சம்மா போன் செய்தாள்.

"உங்க பொண்ணு முட்டி வலின்னு சொல்லிட்டு ஓரமா உக்காந்துடறா. டாக்டர் பேண்ட்டுக்கு மேலயே தொட்டுப் பாத்துட்டு எலும்புல ஒண்ணுமில்லங்கறாரு. போட்டியில முழுநீளப் பேண்ட் போட்டு ஆடலாமான்னு கேக்கறா. அது எப்படிங்க முடியும், டீமுக்கே ஒரே உடுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் நான் பேர் குடுத்தாகணும். அன்னைக்கு ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு வரலைன்னா வேற பொண்ணப் போட்டுடுவேன். எனக்கும் மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

சாயங்காலம் மகள் வந்ததும் அம்மா கேட்டுவிட்டாள். மகள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, பேண்ட்டின் மேலாகவே முழங்காலுக்குப் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க கோடு கோடா இருக்கும்மா. சர்வ் போடறவ எனக்குப் பின்னாடிதான நிக்கறா? அவ பாக்கறா. ஒருநாள் என்ன இது, புலி பிராண்டிடுச்சான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க."

"கடகடன்னு வளந்தா தோல் இழுபட்டுக் கோடு விழத்தான்டி செய்யும். அதுக்குப் போய்..."

"க்ரீம் போடறேன். முன்னவிட இப்ப ஜாஸ்தி சிவந்திருக்கு. மொதல்ல அப்படித்தான் சிவக்கும், விடாமப் போடணும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. சரியானதும் ஷார்ட்ஸ் போடறேன்."

"அது ஏமாத்து வேலடி. சொன்னாக் கேளு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீ எதுக்குப் போட்ட?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உன் துணிக்கடியில மூணு டப்பா பாத்தேன். ரெண்டு காலி, ஒண்ணு பாதி. அந்தப் பாதியிலதான் நான் ஆரம்பிச்சேன். ஏமாத்து வேலைன்னா ஒண்ணோட நிறுத்தியிருப்பேல்ல?"

"அது... கை வெடிப்புக்கு."

சொன்ன வேகத்திலேயே அந்தப் பொய் எவ்வளவு நோஞ்சான் என்று அவளுக்கே தெரிந்தது. மகள் அதைச் சட்டை செய்யவில்லை. எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்தாள்.

"இவளப் பாரு. தன்ன எப்படி விட்டுட்டா பாரு. தினமும் காலைல இவ வயித்துல முழிச்சுட்டுத்தான் க்ரீம எடுக்கறேன். இவள மாதிரி ஆயிட்டா நான்லாம் வெளிய தலகாட்ட மாட்டேன்மா. இவ எப்படித்தான் உயிரோட இருக்காளோ."

அவள் இதோ, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்து "நான்தான்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல வரவில்லை. மகள் அந்த வயிற்றைப் பார்த்து முகம் சுளித்த சுளிப்பு, இனி தன்னைப் பார்க்கும்போதும் வந்துவிடுமோ என்று பயந்தாள். பெற்ற பெண்ணிடம்கூட அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஆசையைக் கிள்ளிக் கிள்ளியே ஊதா மூடிக்காரர்கள் மாடி மேல் மாடி கட்டுகிறார்கள். கோபம் வந்தால் அங்கே வரட்டும். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று இரண்டு பாத்திரங்களை வீணாக இரண்டு தடவை தேய்த்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் தம்பியைத் தனியாகப் பிடித்தாள்.

"தம்பி, அன்னைக்கு எடுத்த படம், ரெண்டும் ஒரே நாள்தான்னு தெரியற மாதிரி எதுனா இருக்கா? என் பொண்ணுகிட்ட காட்டணும்."

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் தொங்கிப் போய்விட்டது.

"எல்லாத்தயும் கம்பெனி அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்கக்கா. இருந்தாலும் பிரயோஜனமில்ல. எங்க வீட்டுல அவ அந்த க்ரீம வாங்கி வச்சிருக்கா. நான்தான்டி படம் எடுத்தேன், அதுல ஒண்ணுமில்லன்னு தலதலையா அடிச்சுக்கறேன். உங்களுக்கு வெளிச்சம் தெரியும், க்ரீமப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறா."

பிறகு அவன் உள்ளே போய், கையில் அடங்குகிற ஒரு சின்ன விளக்கை எடுத்துவந்து கொடுத்தான். "படத்த நம்ப மாட்டாங்க. கண்ணால பாத்தா ஒருவேள நம்பலாம். திங்கக்கிழமை கொண்டு வாங்க போதும்."

சனிக்கிழமை மத்தியானம். கணவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அம்மா அறைக்குள் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அலமாரிக் கதவிலிருந்த படத்தைப் பிய்த்து எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"எந்திரி. அந்த மச்சத்த நல்லாப் பாத்துக்கோ."

"என்னம்மா இப்ப?"

அம்மா சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முதல்தடவை செருகியது அவிழ்ந்துவிட்டது. மறுபடி செருகினாள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, தோளைத் தொங்கப்போட்டு, மூச்சை விட்டாள்.

மகள் படத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

அம்மா வெள்ளைக் கைக்குட்டையால் விளக்கை மூடி, நேர் எதிரில் நீட்டிப் பிடித்து, நிமிர்ந்து மூச்சை இழுத்தாள். கோடுகள் முக்கால்வாசி காணாமல் போயின.

"இதுதான் மொதல்ல எடுத்தது. அதுக்கப்புறம் துண்டால தேச்சு, மை போட்டு, அத எடுத்தாங்க. நடுவுல ஒரு டீ குடிச்சேன். அந்த டப்பாவுல க்ரீம்கூட இல்ல. உங்கப்பா சவரம் பண்றாரே, அந்த நுரை."

மகளின் கையிலிருந்த படம் நழுவி விழுந்தது. "நான் தினமும் உன்னையா..."

"ஆமா."

"உனக்கு வலிச்சுதாம்மா?"

"வலிச்சுது. இல்லன்னு எதுக்குச் சொல்லணும்?"

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நீ அங்கதான இருந்த? எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா போட்ட?"

"அந்தப் படத்துல நல்லா இருந்துச்சுடி. என் வயிறு. அப்படி அத நான் பாத்ததே இல்ல. ஏமாத்தறவங்க கையப் பாத்துக்கிட்டே இருந்தேன், அப்பவும் ஏமாந்தேன். அத உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் மறைக்கப் போயி நீ எடுத்துப் போட்டுக்கிட்ட."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "இந்தக் கோடெல்லாம் நான் பொறந்தப்ப வந்துச்சா?"

இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் உனக்காகத்தான் என்று சொல்லிவிடலாம். நுனி நாக்கு வரை வந்தது. ஏற்கெனவே தன் கால்கோட்டையே சுமக்க முடியாமல் கிடக்கிற பெண்ணின் தலையில் இதையும் ஏற்றுவானேன் என்று அம்மா விழுங்கிவிட்டாள்.

"கொஞ்சம் நீ வந்தப்ப. கொஞ்சம் அதுக்கு முன்னாடியே, தின்ன தீனியில. தோல் இழுபட்டா கோடு விழும், அவ்ளோதான் அதோட கதை."

மகளுக்கு அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் எழுந்து நின்றாள்.

"லைட்ட என் கால்ல அடி."

"முன்னால இருந்தா?"

"இல்ல. சைடுல இருந்து. அவங்க உனக்கு அடிச்ச மாதிரி. எனக்கு அப்படியே பாக்கணும்."

பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைத் திருப்பினாள். அம்மா தரையில் மண்டிபோட்டு விளக்கைப் பிடித்தாள். எத்தனையோ மாதமாக மகளின் கால் அவள் கண்ணில் படவே இல்லை. இப்போது பார்த்தாள்.

முழங்காலுக்குப் பின்னால், மடிப்பு நெடுக, தோல் வெந்து கிடந்தது. சிவந்து, செதில் உரிந்து, ஓரிடத்தில் வெடித்து நீர் கசிந்திருந்தது. மடக்கும்போதெல்லாம் அந்த வெடிப்பு விரிந்து மூடியிருக்க வேண்டும். முட்டி வலி என்று அவள் சொன்னது சுத்தப் பொய்யல்ல.

"ரொம்ப அசிங்கமா இருக்காம்மா? கோடு நிறையத் தெரியுதா?"

அம்மா விளக்கை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகர்த்தித் தேடினாள். வெந்த இடத்துக்கு வெளியே, க்ரீம் படாத ஓரத்தில், நூல் இழை மாதிரி இரண்டு மூன்று வெளிர்க் கோடுகள் இருந்தன. விளக்கைச் சற்றுத் திருப்பினால் அவையும் மறைந்தன. அம்மா அதன்மேல் விரல்நுனியை வைத்தாள்.

"இதான்டி உன் கோடு."

"அது மட்டுமா? அப்ப இந்தச் சிவப்பெல்லாம்?"

அம்மா விரலை எடுக்கவில்லை. கண்ணாடியில் மகள் அந்த விரலையும் அதற்குப் பக்கத்தில் வெந்து கிடந்த தோலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் அப்பியது எல்லாம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"டாக்டர்கிட்ட போலாம்டி. கோச்சம்மாகிட்ட நான் பேசறேன். இன்னைக்கு வர முடியாதுன்னு சொல்லிடறேன்."

"நானே சொல்றேன். நேர்ல போய் சொல்றேன், டாக்டர்கிட்ட போற வழிதான. இப்ப ஆட முடியாது, ஆறினதும் வர்றேன், அதுவரைக்கும் என் எடத்த வச்சிருக்க முடியுமான்னு கேக்கறேன். முடியாதுன்னா முடியாதுங்கட்டும்."

அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து டீமின் ஷார்ட்ஸை உருவி எடுத்தாள். மாதக்கணக்கில் கிடந்ததில் கசங்கியிருந்தது. அம்மாவுக்குப் பதறியது. ஊரார் பார்ப்பார்களே என்றுதான் முதலில் நினைத்தாள். அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னாள்.

"வேணாம்டி, காத்து பட்டா எரியும். பேண்ட்டே இருக்கட்டும்."

"பேண்ட்டுதாம்மா எரியுது" என்றாள் மகள். "துணி உரசும்போதெல்லாம் உயிர் போகுது. இத்தன மாசமும் அப்படித்தான் நடந்தேன்."

அம்மா அவள் கையிலிருந்து ஷார்ட்ஸை வாங்கி, உதறி, இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணப் போனாள்.